மோட்டாருக்கு ஒரு போன்

கிரிவலம் போகும்போது பக்கத்தில் வருகிறவர் யாருக்குப் போன் போடுகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? போன பௌர்ணமி சாயங்காலம் என்னோடு நடந்து வந்த மச்சான் ஏழுமலை போன் போட்டது... ஒரு மோட்டாருக்கு!

ஏழுமலை என் மனைவியின் தம்பி. திருவண்ணாமலையில் ஒரு லாட்ஜில் வேலை. நிலம் கீழ்பென்னாத்தூர் பக்கம். புதிதாகச் செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறான். இங்கிருந்து நம்பரை அழுத்தினால் அங்கே மோட்டார் ஓடும். மறுபடி அழுத்தினால் நிற்கும்.

“கரண்ட் வந்துடுச்சு மாமா. ஒரு மணி நேரம் ஓடுனா நெல்லுக்குப் போதும். அலைச்சலே கெடையாது!”

எனக்கே கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். மோட்டார் அவனுடையது, கிணறு பொது. ஒரு நாள் ஏழுமலை தண்ணீர் பாய்ச்சினால் மறுநாள் அவன் அண்ணியின் முறை. அண்ணன் இறந்த பிறகு அந்தப் பங்கை அவர்தான் பயிர் செய்கிறார். வேர்க்கடலை முற்றி நிற்கிறது, பிடுங்க ஆள் சொல்லியாகிவிட்டது. ஆனால் காய்ந்த மண்ணில் பிடுங்கினால் செடி மட்டும் கையோடு வரும், காயெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். அதனால் கடைசியாக ஒரு தண்ணீர் கட்டியே ஆக வேண்டும். மறுநாள் முறையை நம்பித்தான் அவர் இருந்தார்.

அடி அண்ணாமலை தாண்டியதும் மோட்டாரை நிறுத்த நம்பரை அழுத்தினான். லைன் கிடைக்கவில்லை. பாதை முழுக்க ஜனம், ஆளுக்கொரு போன் — டவர்தான் என்ன செய்யும்? நடந்துகொண்டே அடித்தான். நின்று அடித்தான். ஒரு கையால் கும்பிட்டுக்கொண்டே மறு கையால் அடித்தான்.

“அண்ணாமலையாரே, ஒரே ஒரு ரிங் போகட்டும்பா!”

போகவில்லை. சுற்றி முடித்து, லைன் கிடைத்து நிறுத்தும்போது நடுராத்திரி ஆகிவிட்டது.

மறுநாள் காலை இரண்டு பேரும் பைக்கில் போனோம். நெல் வயல் நிரம்பி, வரப்பை உடைத்துக்கொண்டு, ரோட்டோரப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. கிணற்றை எட்டிப் பார்த்தேன். அடியில் பாறையும் சேறும்தான்.

அண்ணி கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். ஏழுமலை முகத்தில் ஈயாடவில்லை.

“லைன் கெடைக்கலைங்க அண்ணி. கெணறு ஊறட்டும், ஆளுங்கள அடுத்த வாரம் வரச் சொல்லிடலாம்...”

“கடலை காத்திருக்குமா தம்பி? காம்பு இத்துப் போயிடும். அப்புறம் மண்ணக் கொத்தித்தான் பொறுக்கணும்.”

இவன் சும்மா இருந்திருக்கலாம். இருந்தானா?

“மோட்டார் சத்தம் கேட்டிருக்குமே... நீங்களாவது நிறுத்தியிருக்கலாம்ல?”

அண்ணி அவனை நிமிர்ந்து பார்த்தார்.

“கேட்டுச்சு. மோட்டார் ஓடுனா நீ வந்திருக்கேனுதானே அர்த்தம்? வந்தவன் எனக்கும் வெச்சுட்டுத்தான் எடுப்பான்னு, வீட்ல போயி உனக்குக் காபி போட்டேன். ரொம்ப நேரம் பாத்தேன்... ஆறிப்போச்சு.”

ஏழுமலை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

யோசித்துப் பார்த்தேன். முன்பெல்லாம் சுவிட்ச் போடவாவது கிணற்றடிக்குப் போக வேண்டியிருந்தது. போனவன் உள்ளே எட்டிப் பார்ப்பான். தண்ணீர் கம்மியாக இருந்தால் சீக்கிரம் நிறுத்துவான். அண்ணியிடம் ரெண்டு வார்த்தை பேசுவான். அலைச்சல்தான், யார் இல்லை என்றது? ஆனால் அந்த அலைச்சலோடு எட்டிப் பார்ப்பதும் போய்விட்டதே! வாங்கியவனை மட்டும் திட்டி என்ன பயன்? இப்படி ஒன்று எனக்கும் இல்லையே என்று ஏங்கியவன்தானே நானும்?

ஏழுமலை கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்தான். அண்ணியோடு கொத்திக் கடலை பொறுக்க, ஒரு வாரம் லீவு வேண்டும் என்று லாட்ஜுக்குப் போன் போட்டான்.

முதல் அடியிலேயே லைன் கிடைத்தது!