அவள் கட்டி வைத்த ஒயர்

உஷ் என்ற பேர் எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக அடிபட்டது, என் தங்கை மகள் தனக்கு மாப்பிள்ளையைத் தானே பார்த்துவிட்டேன் என்று சொல்லி எல்லார் வாயையும் அடைத்த அன்றைக்கு. "பேரு என்னடி?" என்று கேட்டதற்கு, "சொந்தப் பேரு எனக்கே மறந்துபோச்சு பெரியம்மா. எல்லாரும் உஷ்ஷுன்னுதான் கூப்பிடுறாங்க" என்றாள்.

"ஏன், பாம்பு பிடிக்கிறானா?" என்றார் அவள் அப்பா.

"இல்லப்பா, கம்ப்யூட்டர் ரிப்பேர்."

பேர் வந்த கதையும் அவள் சொல்லித்தான் தெரியும். யார் ஓடாத கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாலும், அவர்கள் புலம்பலைக் கேட்பதற்கு முன்னால் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்பாராம். பிறகு பெட்டியைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கின் மேல் காதை வைத்துவிடுவார். அதற்குள்ளே ஒரு தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். நாம் சேர்த்து வைக்கிற படமும் பேச்சும் கணக்கும் எல்லாம் அந்தத் தட்டில்தான் பதிவாகிக் கிடக்கும். நல்ல தட்டு, தூங்குகிற குழந்தை மூச்சு விடுகிற மாதிரி ஒரே சீராக ஓடும். கெட்டுப்போனது டிக் டிக் என்று நாக்கைத் தட்டும்.

உஷ்ஷுக்கு ஒரே ஒரு அக்கா. அக்கா வீட்டுக்காரர் நெஞ்சு வலியில் போனபோது அவர்கள் மகள் தத்தித் தத்தி நடந்துகொண்டிருந்தாள். அதனால் மாமனும் அப்பனும் அவளுக்கு உஷ் ஒருவரே. அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று, வாய் வாங்கிக் கொடுத்த பேர் இன்னொன்று. வாயாடி என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். "மாமா, அந்த டிஸ்க்கு சொல்றதக் கேக்குறதுல பாதி, அத்தை சொல்றதக் கேட்டிருந்தா நீங்க எங்கேயோ போயிருப்பீங்க" என்பாள். என் தங்கை மகள் அதைக் கேட்டுக் கை தட்டுவாள்.

வாயாடிக்கு அமைந்த வேலையும் வாய் வேலைதான். பார்வை இல்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுப்பாள். அதற்காக உஷ்தான் அவளுக்கு ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்துக் கொடுத்தார். பின்னறை ஜன்னலில் பழைய மெத்தையைச் சாத்தி, தெருச் சத்தம் வராமல் அடைத்துக்கொண்டு உட்காருவாள். தெருச் சத்தத்தை அடைக்கலாம், அம்மா சத்தத்தை அடைக்க முடியுமா? அடுப்படி அடுத்த சுவர். பதிவுகளில் பாதி இப்படித்தான் இருக்கும்: "எரிமலைக் குழம்பு ஆறும்போது அது பாறையாக... அம்மா! எதுக்கும்மா பாத்திரத்த இந்த உருட்டு உருட்டுற? எரிமலையே தேவலாம்!" பிறகு அம்மாவின் குரல் தூரத்தில்: "நீ மெல்லப் படிடி, உனக்கென்ன!" பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள். அப்புறம் ஒரு கனைப்பு, மறுபடி எரிமலை. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும்போது சண்டையையும் சிரிப்பையும் வெட்டிவிட்டுப் பாடத்தை மட்டும் அனுப்புவாள். வெட்டாத முழுப் பதிவு அவள் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும்.

அவளுக்கு ரத்தத்தில் நோய் வந்தது. ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. அதை விரித்துச் சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை.

மகள் போன பிறகு அக்காவைக் கரை சேர்த்தது அந்தக் கம்ப்யூட்டர்தான். ஆன் பண்ணவும், பதிவை ஓட விடவும் மகள் எப்போதோ கற்றுக்கொடுத்திருந்தாள். மத்தியானம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்காத மனுஷி, எரிமலை எப்படி வெடிக்கிறது, ஆறு கடலில் சேரும் இடத்தில் மண் எப்படிப் படிகிறது என்று எல்லாம் சொல்வாள். பாடத்துக்காகவா கேட்டாள்? பாடத்துக்கு நடுவில் வருகிற "அம்மா!" என்ற அந்த அதட்டலுக்காக.

உஷ் அந்த அறைக்குள் போகவே இல்லை. "அக்கா, அதை இன்னொரு டிஸ்க்குல நகல் எடுத்து வெச்சுடணும்" என்று வாசலில் நின்று சொல்வார். "எடுடா, யாரு வேண்டாம்னா?" என்பாள் அக்கா. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்களே, அப்படி ஆயிற்று. ஊருக்கெல்லாம் நகல் எடு, நகல் எடு என்று பாடம் சொல்பவர், இதை மட்டும் தள்ளிக்கொண்டே வந்தார். நகல் எடுத்தால் சரியாக வந்திருக்கிறதா என்று போட்டுப் பார்க்க வேண்டும். போட்டுப் பார்த்தால் அவள் பேசுவாள். அதற்கு அவருக்குத் தெம்பில்லை.

ஒரு நாள் காலையில் அக்கா போன் பண்ணினாள். "டேய் தம்பி, பேசிக்கிட்டு இருக்கும்போதே பொசுக்குன்னு அணைஞ்சுபோகுதுடா. திரும்பப் போட்டா பல்லி கத்துற மாதிரி டிக் டிக்குங்குது."

"எத்தன தடவ போட்ட?"

"நிக்க நிக்கப் போட்டேன்."

"தொடாத. நான் வர்ற வரைக்கும் அதத் தொடவே தொடாத."

பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அறையில் மெத்தை ஜன்னலில் அப்படியே சாத்தியிருந்தது. ஹெட்போன் ஆணியில் தொங்கியது. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே டிஸ்க்குக்குப் போகிற ஒயரை வாயாடி தன் தலைமுடிக்குப் போடுகிற ஹேர்பேண்டுகளால் அழகாக மடித்துக் கட்டியிருந்தாள். ஒன்று சிவப்பு. ஒன்றில் துணிப் பூ. "உங்க கடை மாதிரி காக்காக் கூடா இருக்கக் கூடாது மாமா" என்று சொல்லிக்கொண்டே கட்டியது.

டிக் டிக் சத்தத்துக்கு இரண்டு காரணம் உண்டு. டிஸ்க்கே சாகக் கிடக்கலாம். இல்லாவிட்டால் அதற்குக் கரண்ட் போதாமல் இருக்கலாம். வலியில் அழுகிற பிள்ளையும் பசியில் அழுகிற பிள்ளையும் கேட்பவருக்கு ஒன்றுதான். எடுத்து வளர்த்தவருக்குத்தான் வித்தியாசம் தெரியும். உஷ் டிஸ்க்கிலிருந்து ஒயரைப் பிடுங்கிவிட்டு, பையில் கொண்டுவந்திருந்த சின்ன அடாப்டரிலிருந்து அதற்குத் தனியாகக் கரண்ட் கொடுத்தார். "உஷ்" என்றார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். காதை வைத்தார். மூச்சு ஒரே சீராக வந்தது. டிக் இல்லை, திக்கல் இல்லை. பிறகு மீட்டரை எடுத்து, எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளைப் பெட்டியைச் சோதித்தார். பன்னிரண்டு வோல்ட் வர வேண்டிய இடத்தில், கம்ப்யூட்டர் ஓடிப் பாரம் ஏறினதும் முள் பத்துக்குக் கீழே போய்த் தொங்கியது.

உஷ் சிரித்தேவிட்டார். வாயாடி போனதிலிருந்து அக்கா பார்க்காத சிரிப்பு. "அக்கா, டிஸ்க் கல்லு மாதிரி இருக்கு! சோறு போடுற பெட்டிதான் நொண்டி. பசில அழுதிருக்கு, அவ்வளவுதான்."

அக்கா அவர் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "அப்ப மத்தியானத்துக்குள்ள சரியாயிருமாடா? இன்னைக்கு எரிமலை கேக்கலாம்னு இருந்தேன்."

அந்த நிமிஷத்தில் நகல் எடுத்திருக்கலாம். நினைக்காமலும் இல்லை. பெரிய டிஸ்க் கடையில் இருக்கிறது, பெட்டியை மாற்றிவிட்டு எடுத்துக்கொள்வோம், அடுத்த வேலையே அதுதான் என்று நினைத்தார். கடைக்குப் போய்ப் புதுப் பவர் சப்ளையை எடுத்து வந்தார், பெரிய டிஸ்க்கையும் சேர்த்தே கொண்டுவந்தார்.

பழைய பெட்டியை எடுத்துப் புதியதை வைத்து, தடித்த ஒயர்களை எல்லாம் புதிதாக மாட்டினார். ஹேர்பேண்ட் போட்ட ஒயர் ஒன்றுதான் மிச்சம். அதை அவிழ்த்துவிட்டுப் புது ஒயர் போடக் கை வைத்தபோது பின்னால் நின்ற அக்கா, "டேய், அவ கட்டினத அவுக்காதடா" என்றாள்.

உஷ்ஷும் அவிழ்க்க மனசில்லாமல்தான் நின்றார். ஒயரின் மறுமுனையைப் புதுப் பெட்டியில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. பொருந்தும். அதுதான் அதில் உள்ள சூது. முனை ஒரே மாதிரி இருந்தாலும், உள்ளே எந்தக் கம்பியில் எத்தனை வோல்ட் என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கும். ஒரு பெட்டியின் ஒயரை இன்னொரு பெட்டியில் மாட்டாதே என்பது அந்தத் தொழிலில் அரிச்சுவடி. எத்தனை பேரை இதற்காகத் திட்டியிருக்கிறார்! அன்றைக்கு அந்தத் துணிப் பூதான் அவர் கண்ணில் நின்றது. மாட்டினார். சுவிட்சைப் போட்டார்.

பட் என்று ஒரு சின்னச் சத்தம். தீக்குச்சி ஒடிகிற அளவுதான். கருகல் வாசனை வருவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அஞ்சு வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு பாய்ந்திருக்கிறது.

"என்னடா, லைட்டு எரியுது, இவ பேசலையே?" என்றாள் அக்கா.

"ஒரு நிமிஷம் அக்கா."

அந்த ஒரு நிமிஷம் ஒரு மாசம் ஓடியது. கருகின டிஸ்க்கை அதற்கு மேல் ஓட்டிப் பார்க்காதீர்கள், தெரிந்த இடத்துக்கு அப்படியே அனுப்புங்கள் என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்கிற அதே மனுஷன், கடை ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அதே ரக டிஸ்க் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் சர்க்யூட் பலகையைக் கழற்றி இதில் மாட்டினார். தட்டு சுற்றியது. ஆனால் இப்போது நிஜமான டிக் டிக். விடவில்லை. மறுபடி ஓட்டினார், மறுபடி ஓட்டினார், கடைசியில் கீச் என்று ஒரு இழுப்பு. என் தங்கை மகள் ஷட்டரைத் தட்டி, "போதும், வெளிய வாங்க" என்று அழுதாள். "உஷ்" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

வேறு வழியில்லாமல்தான், டிஸ்க்கைத் திறந்து உள்ளே இருப்பதை மீட்டுக் கொடுக்கிற பெரிய இடம் ஒன்றுக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒரு பெண் போன் பண்ணினாள்.

"சார், கருகினதோட நிறுத்தி அனுப்பியிருந்தா எடுத்திருப்போம். தட்டு பூரா கீறியிருக்கு. யாரோ திரும்பத் திரும்ப ஓட்டியிருக்காங்க. யாரு சார் அது, ஏதாவது தெருமுனை ரிப்பேர்காரனா?"

"ஆமாங்க" என்றார் உஷ்.

அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னார். அவள், "நான்தானேடா அவுக்காதன்னு சொன்னேன்" என்றாள்.

"நீ சொல்லுவ அக்கா. உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல."

மறுநாள் உஷ் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் நின்றார். அவர்கள் நல்லவர்கள். வாயாடி வாசித்த எல்லாப் பாடங்களையும் ஒன்று விடாமல் போட்டுக் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து, அக்காவை உட்கார வைத்து, எரிமலையைத் தேடி எடுத்து ஓட விட்டார். அவள் போன பிறகு அவள் குரலை அவர் அன்றைக்குத்தான் கேட்டார். தெளிவான குரல், ஒரு பிசிறு இல்லை. "எரிமலைக் குழம்பு ஆறும்போது அது பாறையாக மாறுகிறது." அடுத்த வரி. அதற்கு அடுத்த வரி.

அக்கா கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும் தம்பியின் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

"நல்லா படிக்குதுடா. ஆனா இது யாரோ டீச்சர். இதுல ஒரு இடத்துலகூட என்னத் திட்டலையே" என்றாள்.

உஷ் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அக்கா அதைப் போடவே இல்லை. தம்பியோடு பேச்சை நிறுத்தவும் இல்லை, ஒரு சொல் கடிந்ததும் இல்லை. ஆனால் வீட்டில் ஃபேன் நின்றாலும் பல்பு போனாலும் வேறு யாரையாவது கூப்பிட்டுச் சரி பண்ணிக்கொள்வாள். உஷ் வந்து உட்கார்ந்திருக்கும்போதே அந்த ஆள் ஏணி போட்டு ஏறுவான். உஷ் ஏணியைப் பிடித்துக்கொள்வார்.

கடையைக் கொடுத்துவிட்டார். இப்போது ஒரு நூல் மில்லின் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை. அக்கா வீட்டுக்கு அடுத்த தெருவில், மாடிப் போர்ஷனில், என் தங்கை மகளோடு குடியிருக்கிறார்.