அடைத்த ஷட்டருக்கு எதிர் அறை

ஷட்டர்காரர் தன் ஆயுளில் ஒரே ஒருவரிடம்தான் கடன் பட்டார். முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரிடம், முன்பின் தெரியாத ஊரில், கொரோனா டெஸ்ட் எடுப்பதற்காக ஹோட்டல் அறை வாசலில் நின்று கை நீட்டி வாங்கிய கடன் அது.

கை நீட்டி என்பதைச் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் அவர். வெல்டிங் பட்டறையில் தரை கூட்டி, கம்பி பிடித்து, பிறகு தனியாக ரோலிங் ஷட்டர் போட ஆரம்பித்து, கடைத்தெருவில் பாதிக் கதவுகள் அவர் கைவேலை என்கிற நிலைக்கு வந்தவர். "ஒத்த விரலால தூக்கினா மேல போகணும். அதுதான் ஷட்டர். மத்ததெல்லாம் வெறும் தகரம்" என்பார். வங்கிப் படி ஏறியதில்லை, மச்சானிடம் கைமாற்றுக் கேட்டதில்லை. வாங்குகிற கை தன்னுடையது இல்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு கர்வம். இருக்கட்டுமே, உழைத்துச் சம்பாதித்த கர்வம்தானே.

மனைவி போன பிறகு அவருக்கு இருந்தது ஒரே மகள். படிக்க வைத்தார், கட்டிக் கொடுத்தார், அவள் வெளிநாட்டில் குடித்தனம் நடத்தினாள். தலைப்பிரசவ நேரத்தில் பார்த்து உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. மாப்பிள்ளை கப்பல் என்ஜினியர்; கப்பலை எந்தத் துறைமுகமும் உள்ளே விடவில்லை. நடுக்கடலில் நின்றது.

"அப்பா, இங்க எனக்கு யாருமே இல்லப்பா. நீங்க வந்துடுவீங்கல்ல?"

"ஷட்டருக்கு நாள் சொல்லி உங்கப்பன் என்னிக்காவது தவறினதுண்டா?"

சொல்லிவிட்டார். ஆனால் அந்த நாடு நேராக வருகிறவர்களை உள்ளே விடவில்லை. இடையில் வேறொரு நாட்டில் இரண்டு வாரம் அடைபட்டுக் கிடந்து, டெஸ்டில் நோய் இல்லை என்று வந்தால் மேற்கொண்டு போகலாம் என்றார் டிராவல் ஏஜென்ட். அறை வாடகை, டெஸ்டுக்கான அந்த ஊர்ப் பணம் எல்லாம் அவரே ஏற்பாடு செய்தார். "அவசரத்துக்கு ஒரு கார்டு மட்டும் வாங்கி வச்சுக்கங்க ஐயா" என்றார்.

"போய்யா. காசு இருக்கிறவனுக்கு எதுக்கு கார்டு?"

இடுப்புப் பைக்குள் நம்மூர் நோட்டுக் கட்டுகளை அடுக்கி, மேலே சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு கிளம்பினார். விமானத்தில் தூக்கத்தில்கூடக் கை அந்தப் பையை விட்டு நகரவில்லை.

ஹோட்டல் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே பணம் மாற்றும் கடை. ஷட்டர் இறக்கியிருந்தது. அந்தத் தெருவில் எல்லா ஷட்டரும் அப்படித்தான். ஷட்டரைத் திறக்க வைத்தே பிழைத்த மனிதர் சாத்திய ஷட்டர்களைப் பார்த்தபடி பொழுது போக்கினார்.

எதிர் அறையில் நம்மூர்க்காரர் ஒருவர் இருந்தார். அதே ஊரில் சலூன் வேலைக்கு வந்து, வந்த இடத்தில் அடைக்கப்பட்டவர். ஷட்டர்காரர் அவருக்கு வைத்த பெயர் கத்தரி. சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கக் கதவு திறக்கிற நேரத்தில், அவரவர் வாசலில் நின்று மாஸ்க்குக்குள்ளிருந்து பேசிக்கொள்வார்கள். பேசுவது ஷட்டர்காரர், கேட்பது கத்தரி.

"எங்க ஊர் நகைக்கடைக்கே நான்தான் தம்பி ஷட்டர் போட்டேன். யார்கிட்டயும் போய் நின்னதில்ல. உன் தொழில்ல பாரு, எத்தனை தலையைத் தொட்டாலும் கடைசியில கையை நீட்டித்தானே காசு வாங்கணும்?"

"நீங்க மட்டும் என்ன, காலை நீட்டியா வாங்குறீங்க?"

ஷட்டர்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாளும் அதே கதையை ஆரம்பித்தார்.

இரண்டு வாரம் முடிந்தது. டெஸ்ட் எடுத்தார், நோய் இல்லை என்று வந்தது. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவருக்கு ஹோட்டல் மேனேஜர் போன் செய்தார். விமானம் தள்ளிப்போய்விட்டது, அறையில் கூடுதலாகத் தங்கலாம், அதை விமானக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். ஆனால் பழைய டெஸ்ட் செல்லாது. புதிதாக எடுக்க வேண்டும், பணம் அவர்தான் கட்ட வேண்டும்.

"அவ்வளவுதானே?" என்று இடுப்புப் பையை அவிழ்த்தபடி கீழே போனார். மேனேஜர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினார். அந்த ஊர்ப் பணம் வேண்டும், இல்லாவிட்டால் கார்டு. ஏஜென்டைக் கூப்பிட்டால், அவரே நோய் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாப்பிள்ளைக்குப் போன் போகவில்லை. மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்தாகிவிட்டது. அவளிடம் போய் 'அப்பா கையில் காசு இல்லை' என்று எந்த வாயால் சொல்வது?

அறைக்கு வந்து ஜன்னலோரம் நின்றார். எதிரே அந்தக் கடை. கம்பி ஒன்று கொடுத்தால் அந்த ஷட்டரைக் கண்ணிமைக்கிற நேரத்தில் தூக்கிவிடுவார். தூக்கி என்ன செய்ய? உள்ளே மாற்றிக் கொடுக்க ஆள் வேண்டுமே. மடி நிறையப் பணம். பத்துப் பைசாவுக்குப் பிரயோஜனம் இல்லை.

கத்தரிக்கு அன்று விடுதலை. பெட்டியோடு வெளியே வந்தவர், திறந்த கதவுக்குள் பார்த்தார்.

"என்னண்ணே, இன்னிக்கு நகைக்கடைக் கதையையே காணோம்?"

ஷட்டர்காரர் சொன்னார். கத்தரி சட்டைப் பையிலிருந்து சலூன் முதலாளி கொடுத்தனுப்பியிருந்த முன்பணத்தை எடுத்தார்.

"நம்மூர் நோட்டு தர்றேன் தம்பி, எண்ணி எடுத்துக்க."

"அதை வச்சு இங்க நான் மூக்கா சிந்துறது? திரும்பி வரும்போது இந்த வழியா வாங்க. இந்த ஊர்ப் பணமா கையில எண்ணிக் கொடுங்க. இப்ப கையை நீட்டுங்க."

ஷட்டர்காரர் நின்றார். வெல்டிங் பொறி பட்டுத் தழும்பேறிய அந்தக் கை மேல்நோக்கித் திரும்பி அவரே பார்த்ததில்லை. மகள் முகம் வந்தது. நீட்டினார்.

போய்ச் சேர்ந்தார். இவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் கால் வைத்து, மகள் கையைப் பிடித்து, "வந்துட்டேன்ல?" என்று கேட்ட அன்றைக்கே பேத்தி பிறந்தாள். நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தபோது வாங்க இரண்டு கையையும் நீட்டினார். ஒரு கணம் கத்தரி நினைவுக்கு வந்தார்.

ஊர் திரும்புவதற்குள் தடையெல்லாம் நீங்கிவிட்டது. கப்பலிலிருந்து இறங்கி வந்திருந்த மாப்பிள்ளை, "நேரா ஃப்ளைட் விட்டுட்டாங்க மாமா" என்றார்.

"எனக்குச் சுத்து வழியிலயே போடுங்க மாப்பிள்ளை."

"எதுக்குப்பா வீண் செலவு?" என்றாள் மகள்.

"அந்த ஊர்ல உன் பிள்ளைக்கு ஒரு மாமன் இருக்கான். பார்த்துட்டுப் போறேன்."

ஹோட்டலுக்கு எதிர்க் கடை திறந்திருந்தது. உள்ளே போனவர் ஷட்டரைப் பிடித்து ஒருமுறை ஆட்டிப் பார்த்தார். ஸ்பிரிங் தளர்ந்து, ஓரமெல்லாம் துரு. நம்மூராக இருந்தால் அங்கேயே சட்டையைக் கழற்றி வேலையில் இறங்கியிருப்பார். பணத்தை மாற்றிக்கொண்டு, விசாரித்து விசாரித்து சலூனைக் கண்டுபிடித்தார்.

கத்தரி வேறொருவர் தலையில் வேலையாக இருந்தார். காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சைக் காட்டி, "அதுல உக்காருங்கண்ணே. நம்ம பழைய கட்டில்தான்" என்றார்.

"கட்டிலா?"

"ரூமுக்குக் கட்ட வச்சிருந்த முன்பணத்தைத்தானே உங்களுக்குத் தந்தேன். முதலாளி நல்ல மனுஷன், சம்பளம் வர்ற வரைக்கும் இதுல படுக்க விட்டார்."

ஷட்டர்காரர் பெஞ்சைத் தடவிப் பார்த்தார். ஆள் கால் நீட்டிப் படுக்க நீளம் காணாது.

முறை வந்ததும் நாற்காலியில் ஏறினார். வெட்டி முடித்து, துணியை உதறி, கத்தரி கேட்டார். "பேத்தி யார் ஜாடைண்ணே?"

"என் ஜாடைதான். வேற யாரு ஜாடை வரும்? கையை நீட்டு."

"முடி வெட்டினதுக்கா, பழசுக்கா?"

"ரெண்டுக்கும்தான். நீட்டு தம்பி."

கத்தரி மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். உள்ளங்கையில் இன்னும் இரண்டொரு முடி ஒட்டியிருந்தது. ஷட்டர்காரர் அதை ஊதிவிட்டு, எச்சில் தொடாமல், ஒவ்வொரு நோட்டாக நீவி நீவி, சத்தமாக எண்ணி அந்தக் கையில் வைத்தார்.