கிராம்பு மணத்த அவரை

அருள்செல்வி வேலை செய்கிற இடத்தில் வாசனை வந்தால் தப்பு. ஓசூர் சிப்காட்டின் கடைசித் தெருவில் இருக்கிற சின்னக் கம்பெனி அது. கிராம்பு எண்ணெயை மாவுப்பசையோடு அதிவேகத்தில் கடைந்து, கண்ணுக்கே தெரியாத நுண்ணிய கூடுகளுக்குள் அடைத்து, சூடான காற்றில் பொடியாக உலர்த்துவார்கள். வெறும் எண்ணெய் காற்றில் பறந்துவிடும். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். கூட்டுக்குள் இருந்தால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, தானியத்தை வண்டு அண்டாமல் காக்கும். பொடி தூக்கலாக மணத்தால் கூடு சரியாக மூடவில்லை என்று அர்த்தம்.

அந்த மெஷினை ஓட்டுகிறவள் அவள்தான். சிங்காரப்பேட்டையிலிருந்து பஸ் ஏறி வந்தவள். அப்பா இறந்தபின் அவளைப் படிக்கவைத்து, ஓசூரில் ஹாஸ்டல் பார்த்துச் சேர்த்து, வேலை நிலைக்கும்வரை தாங்கியவன் அண்ணன் ஜான்பீட்டர். அதற்காகத் தன் கல்யாணத்தையே தள்ளிப்போட்டவன். அவனுக்குப் பதிலுக்கு ஒன்றும் செய்யவில்லையே என்ற எண்ணம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. வருஷந்தவறாமல் அவன் எடுத்துவைக்கும் அவரை விதையில் பாதியை வண்டு துளைத்துவிடும். அதனால் போன வருஷம் தை மாதம், பொடிப் பாக்கெட்டோடு ஊருக்குப் போனாள்.

ஜான்பீட்டர் பொடியை உள்ளங்கையில் கொட்டி முகர்ந்தான். மறுபடியும் முகர்ந்தான்.

"வாசனையே இல்லியே பாப்பா. மருந்துன்னா ஒரு காரமாச்சும் வேணாமா?"

கேலியாகச் சொல்லவில்லை, அதுதான் அவளுக்கு வலித்தது. பக்கத்துக் காட்டுக்காரர் மணிவேல் எட்டிப் பார்த்து, கோலமாவு போலிருக்கிறதே என்று சிரித்துவிட்டுப் போனார். அவள் கூட்டைப் பற்றி எவ்வளவோ விளக்கினாள். மூக்கு ஒப்புக்கொள்ளாததை மனசு எங்கே ஒப்புக்கொள்ளும்? அண்ணன் தலையாட்டினான், தங்கை மனம் நோகக் கூடாதே என்று.

அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. பல்வலிக்கென்று வாங்கிய கிராம்பு எண்ணெய் ஒரு பாட்டில் கைப்பையில் இருந்தது. அண்ணன் பொடியை விதையோடு கலந்துவிட்டுக் கைகழுவப் போன நேரம், அதை முழுக்க விதை டிரம்மில் ஊற்றிக் கிளறிவிட்டாள். வெறும் எண்ணெய் விதையில் பட்டால் முளை கருகிவிடும் என்று கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்களிடம் படித்துப் படித்துச் சொல்பவளே அவள்தான். ஊருக்குத்தான் உபதேசம். ஒரு பாட்டில்தானே, என்ன ஆகிவிடும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். மூடியைத் திறந்த ஜான்பீட்டரின் முகம் மலர்ந்தது. இதுதான் மருந்து என்றான். அந்த முகத்தைப் பார்த்த சந்தோஷத்திலேயே அவள் ஓசூர் திரும்பினாள்.

ஆடியில் மழை பெய்தது. விதைத்தான். முளைக்கவில்லை என்று போன் வந்ததும் லீவு போட்டு ஓடினாள். மணிவேல் காட்டில் அவரை நாலு இலை விட்டிருந்தது. அண்ணன் காட்டில் வெறும் மண். அவன் குனிந்து உழவுசால் மண்ணை விரலால் கீறி, ஒரு விதையை எடுத்துத் துடைத்து அவள் கையில் வைத்தான். முழுசாக, ஒரு பொத்தலும் இல்லாமல் இருந்தது. இன்னும் கிராம்பு மணத்தது.

"ஒரு வண்டுகூடத் தொடல பாப்பா. உன் மருந்து நல்ல மருந்துதான். மண்ணுதான் என்னமோ பண்ணிருச்சு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தன் விரலே தன் கண்ணைக் குத்திவிட்டது என்று அவளுக்குப் புரிந்தது. வரப்பில் உட்கார்ந்து, பாட்டிலை ஊற்றியதை மறைக்காமல் சொல்லி அழுதாள். ஜான்பீட்டர் அவள் கையிலிருந்த விதையை வாங்கி மண்ணில் போட்டான். பிறகு, வாசனை இல்லை என்று சொன்னவன் தான்தானே என்று மட்டும் சொன்னான். அந்த வருஷம் அவரை போன இடத்தில் கொள்ளு விதைத்தான். கொள்ளு வந்தது; ஆனால் அவரை விற்றுச் செய்வதாக இருந்த கல்யாணம் மீண்டும் தள்ளிப்போயிற்று.

இந்தத் தையில் மணிவேலிடம் விதை வாங்கி டிரம்மில் கொட்டிவைத்துவிட்டு, அவனே போன் செய்து பொடி கொண்டுவரச் சொன்னான். அவள் பாக்கெட்டை நீட்டினாள். பிரித்தவன், மூக்கருகே கொண்டுபோகவே இல்லை.

"மோந்து பாக்கலியாண்ணா?"

"எதுக்கு? நீ செஞ்சதுதானே," என்றான். பொடியைக் கொட்டப் போனவன் ஒரு நிமிஷம் நின்றான்.

"அந்தக் கைப்பையை மட்டும் வெளிய வெச்சிட்டு வந்துரு பாப்பா."

அவள் வெளியே வைத்துவிட்டு வந்தாள்.