பச்சைக் கீற்றும் மல்லாட்டைக் கொடியும்

கல்யாண மேடை அலங்காரம்தான் என் தொழில். திண்டிவனத்தில் கடை. மாதா கோயில் பீடத்துக்குப் பூ வைப்பதில் ஆரம்பித்தது, இன்று விழுப்புரம் தாண்டியும் மேடை போடுகிறேன். இந்தத் தொழிலில் நான் பட்ட பெரிய அவமானமும் வாங்கிய பெரிய பாராட்டும் ஒரே நாளில், ஒரே வீட்டில் நடந்தன. நடுவில் நாலு மணி நேரம்தான் இருந்தது.

கெடாரில் ஒரு விவசாயி வீடு. பெண் வானூர் பக்கம் தங்கி வேலை பார்க்கிறாள். அங்கே யார் யாருடைய கல்யாணத்தை எல்லாமோ பார்த்துவிட்டு, தன் கல்யாணத்துக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"அக்கா, மேடையில இருக்கிற அத்தனையும் மறுநா எங்க எருக்குழிக்குப் போவணும். மக்காதது ஒண்ணும் வேணாம்."

அப்படியென்றால் தெர்மாகோல் கிடையாது, துணிப்பூ கிடையாது, பூவைக் குத்தி வைக்கிற பச்சை ஃபோம்கூடக் கிடையாது. எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. வருஷக்கணக்கில் பிளாஸ்டிக் ஆர்க்கிட்டைத் தூசி தட்டித் தட்டி வைத்தவளுக்குத்தான் அந்தச் சந்தோஷம் தெரியும். ஃபோமுக்குப் பதில் வாழைத்தண்டை நறுக்கி அதில் பூவைக் குத்தலாம் என்று நான் சொன்னதும் அவள் கை தட்டினாள்.

அவள் அப்பா தட்டவில்லை. "மாப்ள வூட்டுக்காரங்க டவுன்காரங்கம்மா. செலவுக்கு பயந்துக்கினு ஓலைய கட்டி வுட்டுட்டான்னு சொல்லுவாங்க" என்றார். மனுஷனுக்கு அந்தப் பேச்சு வந்துவிடுமோ என்றுதான் பயம். மகளும் விடவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். என் மேடை சரியில்லை என்று அவருக்குப் பட்டால் ஒரு போன் போடுவார், விழுப்புரத்தில் சொல்லி வைத்திருக்கும் ஆள் பிளாஸ்டிக் பூவோடு வந்து இறங்கிவிடுவான். அந்தப் பெண்ணின் ஆசை முழுக்க அந்த ஒரு போனில் தொங்கியது.

நான் என்ன செய்தேன்? ஏதோ கடற்கரைக் கல்யாணத்துப் படத்தை செல்லில் பார்த்துவிட்டு, மேடைக்குப் பின்னால் திரையாக, பச்சைத் தென்னங்கீற்றைப் பின்னி வாங்கிக் கட்டுவதாக முடிவு செய்தேன். காய்ந்த கீற்று கட்டினால் மாட்டுக்கொட்டகை மாதிரி இருக்கும் அல்லவா? கீற்று பின்னுகிற ஒருவரின் நம்பரைப் பிடித்து முதல் நாள் கூப்பிட்டேன்.

"அண்ணா, பச்சைக் கீத்து பின்னி வேணும். நாளைக்குக் காலையிலயே, கெடாருக்கு. ஜல்தியா வேணும்."

மறுமுனையில் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எத்தினிம்மா?"

"பத்து."

"பத்தா? பெரிய எடம் போல. சரிம்மா, எட்த்தாந்துடறேன். நீ மனச வுட்டுடாத."

விலை கேட்டேன். "இதுக்குப் போயி பேரமாம்மா" என்று வைத்துவிட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு தங்கமான வியாபாரியா என்று கடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாயங்காலம் வரவேற்பு, அதற்கடுத்த காலையில் தாலி. வீட்டை ஒட்டிய களத்தில் மேடை. காலையில் வரவேண்டிய மினி வேன் உச்சிப்பொழுதுக்குத்தான் வந்து நின்றது. கீற்றுக்காரர் இறங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நேரே பெண்ணின் அப்பாவிடம் போய், துக்கம் கேட்க வருகிறவர்கள் நீட்டுவதுபோல இரண்டு கைகளையும் நீட்டினார். இவரும் யாரோ விருந்தாளி என்று சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தார். அப்புறம்தான் வேனுக்குள் பார்த்தார். பத்துப் பச்சைக் கீற்று. கூடவே, நான் கேட்காமலே, நீளமாக இரண்டு மூங்கில்.

"இன்னாம்மா இது! பாடையில போடுறத என் பொண்ணு மேடையில கட்டப் போறியா?"

பின்னிய கீற்று காய்ந்திருந்தால் கூரைக்கு, பச்சையாக இருந்தால் பாடைக்கு. அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் போல. எங்கள் வீட்டில் யாராவது போனால் பெட்டிதான். பாடை தெருவோடு போவதைப் பார்த்திருக்கிறேன், அதன் அடியில் என்ன விரித்திருக்கிறது என்று யார் குனிந்து பார்த்தார்கள்?

தப்பு என்மேல் இருக்கும்போதுதான் எனக்குக் கோபம் அதிகமாக வரும். கீற்றுக்காரரைப் பிடித்துக் கத்தினேன். "எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாண்ணா?"

"பச்ச கீத்து கேக்கறவங்களாண்ட எதுக்குன்னு கேக்கற வழக்கம் இல்லம்மா" என்றார் பாவமாக.

பெண்ணின் அப்பா செல்லை எடுத்துவிட்டார். மஞ்சள் பூசிய முகத்தோடு அந்தப் பெண் வாசலில் வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்ததைப் பார்த்ததும் எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது.

"ஐயா, நாலு மணிக்குத்தானே மாப்பிள்ளை வீட்டு வேன் வருது? ரெண்டு மணி வரைக்கும் பொறுங்க. அப்பவும் சரியில்லன்னா நானே அந்த ஆளுக்கு போன் போடறேன்."

சொல்லிவிட்டேனே தவிர கையில் சாமந்தியும் சம்பங்கியும் வாழைத்தண்டும்தான் இருந்தன. திரைக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பின்னால் போனேன். கல்யாண வீடாக இருந்தாலும் பயிர் காத்திருக்காது என்று, அன்று காலையிலும் ஆள் விட்டு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கியிருந்தார் அந்த மனுஷன். கொடி கொடியாகக் குவிந்து கிடந்தது. நாலைந்து பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரு கொடியைத் தூக்கி, போர் தண்ணீரில் மண் போக அலசிப் பிடித்தேன். மேலே பச்சை இலை, கீழே கொத்துக் கொத்தாக வெளுத்த காய்.

"ஐயோ, நிறுத்துங்க, ஆயாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அந்தப் பெண்கள் பயந்துவிட்டார்கள்.

"மல்லாட்டையையா மேடையில கட்டப் போற?" பெண்ணின் அப்பாவுக்கு அழுகை வராத குறை. பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. பெண்கள் அலசிக் கொடுத்தார்கள், கீற்றுக்காரர் கயிறு கட்டி வரிசை வரிசையாகத் தொங்கவிட்டார். முடிச்சுப் போடுவதில் அவரை அடிக்க ஆளில்லை. முதல் வரிசை முடியும்வரை பெண்ணின் அப்பா செல்லோடு முறைத்துக்கொண்டு நின்றார். இரண்டாவது வரிசையில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"அந்தக் கொடிய வெக்காத, பொக்கா கெடக்குது. இத வை, இதுல பாரு காய!"

அதற்குப் பிறகு அவரே தேர்ந்தெடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார். இரண்டு மணி எப்போது தாண்டியது என்று யாருக்கும் தெரியாது. கீற்றுக்காரர் மூங்கில்களை வேனிலேயே விட்டுவைத்தார். "இதுக்கு இன்னிக்கு வேல இல்லாம போச்சே, எனக்கு அதுவே சந்தோசம்" என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பெண்ணே அவரைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

நாலு மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் திண்டிவனத்திலிருந்து வந்தது. மாப்பிள்ளையின் அம்மா மேடையேறி, திரையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பெண்ணின் அப்பா செல்லை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா ஒரு காயைப் பறித்து, உடைத்து, வாயில் போட்டுக்கொண்டார்.

"யார் கொல்லையில வெளைஞ்சது இது?"

"நம்ம கொல்லதாங்க" என்றார் இவர்.

"இன்னா இனிப்புங்க!" என்று சொல்லிவிட்டு அவர் இன்னொன்றைப் பறித்தார். பின்னாலேயே அவர் தங்கை, தங்கை வீட்டுக்காரர், போட்டோவுக்கு நிற்க வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு கை பறித்தார்கள். என் மேடையை ஜனங்கள் புகழ்ந்திருக்கிறார்கள், தின்றது அன்றைக்குத்தான்.

அந்த வரவேற்பின் படங்கள் என்னிடம் இருக்கின்றன. வரிசையாகப் பார்த்தால் திரை கீழிருந்து மொட்டையாகிக்கொண்டே போகும். கடைசிப் படத்தில் கைக்கு எட்டும் உயரம்வரை ஒரு காய் இல்லை. அதில் பெண்ணின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை நாற்காலியின்மேல் ஏறி நின்று, சம்பந்தியம்மாவுக்காக மேல் வரிசையில் நல்ல காயாகத் தேடிக்கொண்டிருக்கிறார். அவருடைய செல் கீழே, நாற்காலிக் காலடியில் கிடக்கிறது.