எம். பிச்சை

தாராவியில் எங்கள் வரிசை வீடுகளில் அவனுக்குப் பெயர் மாசானம். வேலை பார்த்த சங்கத்தில் பிச்சை. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பது 1964-இல் நடந்த எண்ணெய் வியாபாரிகள் மாநாடு வரைக்கும் எனக்கே தெரியாது. தாராவியில் எனக்குத் தெரியாமல் ஒரு பூனை குட்டி போடாது என்று பேசிக்கொண்டு திரிந்தவன் நான்.

நான் மைக் செட் வைத்திருந்தேன். மாசானம் பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஒரு வியாபாரிகள் சங்கத்தில் இருந்தான். கடற்கரையோரம் பெரிய ஹால்களைப் பிடித்து வருஷத்துக்கு நாலைந்து மாநாடு நடத்துகிற சங்கம் அது. வருகிறவர்கள் சட்டையில் குத்திக்கொள்கிற பேட்ஜில் பெயர் எழுதுவதும், யாருக்கு எந்த நாற்காலி என்று பார்ப்பதும் அவன் பொறுப்பு. முத்து முத்தான எழுத்து. ஆனால் ஆறு வருஷமாகத் தற்காலிகம்தான். ஊரான் பெயரையெல்லாம் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தவனுக்குத் தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத் துப்பில்லை.

சேர்ந்த அன்று ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். பம்பாய் வழக்கப்படி முதல் கட்டத்தில் சொந்தப் பெயர், அடுத்ததில் அப்பா பெயர், கடைசியில் குடும்பப் பெயர். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? மாசானம், பிச்சை என்று இரண்டு கட்டத்தை நிரப்பிவிட்டு மூன்றாவதைக் காலியாக விட்டிருக்கிறான். கடைசியாக இருப்பது குடும்பப் பெயராகத்தான் இருக்கும் என்று கிளார்க் ரிஜிஸ்டரில் 'எம். பிச்சை' என்று ஏற்றிவிட்டார். போய்க் கேட்டதற்கு, நிரந்தரம் ஆகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றாராம்.

அன்றிலிருந்து பெற்ற தகப்பன் பெயரைச் சொல்லித்தான் அவனை ஏவினார்கள், ஏசினார்கள். அவனும் 'ஜீ சாப்' என்று ஓடினான். இதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஒரு தடவை காய்ச்சலில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தபோது ஆபீஸ் பியூன் வந்து பிச்சை எங்கே என்று கேட்டிருக்கிறான். மாமனாரைத்தான் கேட்கிறான் என்று எண்ணி மாசானம் மனைவி சண்முகவடிவு, அவுக ஊரில் அல்லவா இருக்கிறார்கள் என்று அனுப்பிவிட்டாள். காய்ச்சல் விட்டு வேலைக்குப் போனவன், சொல்லாமல் ஊருக்குப் போனதற்கு விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான், பாவம்.

அந்த எண்ணெய் மாநாடு முடிந்ததும் நிரந்தர உத்தரவு என்று மானேஜர் நாட்கர்ணி சொல்லியிருந்தார். அந்தச் சமயம் பார்த்து அவன் அப்பா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். மகன் விடிவதற்குள் கிளம்பிப் போய்விட, மாநாட்டைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றார். முதல் தடவையாக அந்தச் சங்கத்துக்கு நான் மைக் கட்டுகிற நாள் அது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். ஆம்பிளிஃபயரோடு அவரையும் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

வாசலில் காவலாளி மாசானம் என்று யாரும் இல்லை என்றான். நான் வயர்ச் சுருளோடு நின்று விழித்தேன். பெரியவர் தன் பெயரைச் சொன்னால் வழி பிறக்கும் என்று நினைத்து, 'பிச்சை' என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். பிச்சையைப் பார்க்கவா, உள்ளே போ என்று காவலாளி சலாம் போடாத குறையாகக் கதவைத் திறந்தான். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவரைச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மைக்கைக் கட்டினேன்.

பத்து மணிக்கு நாட்கர்ணி மேடையேறி என் மைக்கைப் பிடுங்கினார். மதராஸ்காரர்கள் பேட்ஜ் எதையும் காணோம். "பிச்சை! கஹாங் ஹை பிச்சை?" என்று, பிச்சை எங்கே என்று கேட்டு நாலு ஸ்பீக்கரிலும் கத்தினார். பெரியவர் எழுந்துவிட்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முந்நூறு வியாபாரிகள் பார்க்க நடந்து வந்து மேடைக்குக் கீழே நின்றார்.

"ஏ செல்லப்பாண்டி, என்னய எதுக்குக் கூப்புடுதாவ?" என்றார் என்னைப் பார்த்து.

அதற்குள் மாசானமும் பேட்ஜ் பெட்டியோடு மறுபக்கத்திலிருந்து ஓடி வந்தான். அவன் சட்டையில் 'எம். பிச்சை' என்று அவனே எழுதியது குத்தியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாட்கர்ணி கீழே இறங்கி வந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இதில் யார் பிச்சை என்று என்னிடம் இந்தியில் கேட்டார். முந்தின மாசம்தான் அண்ணன் பெயரில் வேலை பார்த்த ஒருவனைக் கண்டுபிடித்து அந்த நிமிஷமே வெளியே தள்ளியிருந்தார்கள். மாசானத்துக்கு முகம் செத்துவிட்டது.

"அப்பா, இங்க நாந்தான் பிச்சை. தெரிஞ்சா வேல போயிரும்" என்றான் தலையைத் தூக்காமல்.

பெரியவர் மகனைப் பார்த்தார், அவன் சட்டையில் இருந்த அட்டையைப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஏதோ ஒரு எழுத்து தன்னுடையது என்று மட்டும் விளங்கியிருக்க வேண்டும்.

"சொல்லுப்பா அவர்ட்ட. இவந்தான் பிச்சை. இவன் அப்பன் நான். எம்பேரு மாசானம்."

 அதை அப்படியே இந்தியில் சொன்னேன். மகன் பெயரைக் கேட்டு ஆசையில் வந்துவிட்டார் என்று சேர்த்துக்கொண்டேன். நாட்கர்ணிக்கு ஒரே சந்தோஷம். மதராஸிகள் பெயருக்கு முன்னால் வருகிற எழுத்து அப்பா பெயர் என்பது தனக்குத் தெரியும், எம் என்றால் மாசானம் என்று தானே கண்டுபிடித்தவர்போலச் சொல்லிக்கொண்டார். சாயந்திரம் உத்தரவு வந்தது. தகப்பனார் பெயர்: மாசானம்.

லோக்கல் ரயிலில் மாசானம் அழுதேவிட்டான். "ஒங்க பேரச் சொல்லித்தான் அத்தன பேரும் என்னய வையுதானுவ, அப்பா" என்றான்.

"வைஞ்சா வையட்டும். ஊர்ல எவன் என்னய மைக்ல கூப்ட்டான்?" என்றார் அவர்.

நாலு வருஷம் கழித்து ஒரு நாள் நான் ஹாலில் வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது சங்கத்துக்குத் தந்தி வந்தது. 'பிச்சை இறந்துவிட்டார், உடனே புறப்படவும்.' பியூன் தந்தியைப் படித்துவிட்டு மாசானத்தை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தான். எனக்கு அவனை அடித்துவிடலாம்போல் வந்தது.

மாசானம் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. தாளை எடுத்து லீவுக்கு எழுதினான். என் தகப்பனார் மாசானம் காலமானார் என்று முத்து முத்தாக எழுதி, அடியில் எம். பிச்சை என்று கையெழுத்துப் போட்டான். பத்து நாள் கொடுத்தார்கள்.

தாதரில் அவனை ரயிலேற்றப் போனேன். வண்டி நகர்கிறபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"செல்லப்பாண்டி, காரியம் செய்யப் போறது யாரு?"

நீதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கையை மட்டும் ஆட்டினேன்.