சாமிப் பலகைக்குப் பின்னால் இருந்த சுவர்

இதை எழுத மூன்று வருஷமாக எனக்குத் தைரியம் வரவில்லை. இன்று முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு என் வீட்டுக்காரரால் வெகுநேரம் உட்கார்ந்து வர முடியாது. லீவுக்குப் பிள்ளைகளோடு திருச்செந்தூர் போக, படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பழைய கேரவன் வண்டி வாங்கலாம் என்று பூந்தமல்லிக்குப் போனோம். விற்பவர் ஒரு பாய். வெள்ளை ஒன்று, நீலம் ஒன்று என இரண்டு வண்டிகள் நின்றன.

வெள்ளை வண்டியில் ஏறியதும், "சாமி விஷயமெல்லாம் பாய்கிட்ட பேசாதீங்க, அவருக்கு இன்னா தெரியும்?" என்று வீட்டுக்காரர் காதில் கிசுகிசுத்தேன். படுக்கைக்கு எதிரே அழகான பலகை! சந்தோஷம் தாங்காமல் பையிலிருந்த முருகன் படத்தை அதில் வைத்துக் கும்பிட்டேன்.

"இதேதாங்க, முடிச்சிடலாம்!"

பாய் தயங்கினார். "வாணாம்மா. பலகைக்குப் பின்னாடி கக்கூஸு. சார் படுத்தா காலும் சாமி பக்கம்தான் நீட்டணும். நீலத்தை எடுங்க, விலையும் கம்மி. தலைமாட்டுல பலகை அடிச்சுத் தரேன். என் கையெல்லாம் கிரீஸு, படத்தை நீங்களே எடுத்துக்குங்க."

படத்தை எடுத்துப் பையில் வைத்தேன். "நான் சொன்னது காதுல விழுந்துச்சா பாய்?"

"வண்டி சின்னதும்மா" என்று சிரித்தார்.

நீல வண்டியையே வாங்கினோம். திருச்செந்தூரில் கடலைப் பார்த்ததும் பிள்ளைகள் போட்ட கூச்சல் இருக்கிறதே! சந்நிதியில் முதலில் பாய்க்காகத்தான் வேண்டினேன்.

இதைப் பிறருக்கு அனுப்புகிறவர்கள் அப்படியே அனுப்புங்கள். நான் கிசுகிசுத்த வரியை எடுத்துவிட்டால் அவர் மனசு யாருக்கும் தெரியாமல் போய்விடும்.