திரும்ப வாங்காத வயர்

சித்தூர் கோர்ட் வாசலில் குடிபாலா பஸ் ஏறியவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நரைத்த மீசை, தோளில் நீளமான சிவப்புத் துண்டு. கரண்ட் திருட்டு வழக்கில் அன்றுதான் விடுதலையாம்.

“கம்பத்துல கொக்கி போட்டது நான்தான்னு யாரும் பாக்கலியாம் சார். சந்தேகம்னு வுட்டுட்டாங்க. புடிச்ச வயரை எடுத்துக்கினு போன்னாங்க. என்னுதா இருந்தாத்தானே எடுத்துக்கினு வர்றது?”

“அப்போ யாருடையது?”

“கோர்ட்டுக்கே தெரியல” என்று சிரித்தவர், “நல்ல காப்பர் சார்” என்று பெருமூச்சு விட்டார்.

வெயில் காற்றில் அவருக்குக் கண் சொக்கியது. ஜன்னலுக்கு வெளியே மின்கம்பிகள் தாழ்ந்து தாழ்ந்து எழுந்தன. அரைத் தூக்கத்தில் அவர் துண்டை உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாக, வயர் சுற்றுவதுபோலவே சுற்றிக்கொண்டிருந்தார்.

கிணற்றுக் கயிற்றையும் அப்படித்தானே சுற்றுவார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.